பழவேற்காட்டு வெடிமருந்தும் இரட்டை இடப்பெயர்ச்சிச் சமன்பாடும்

இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்பது, இரண்டு சேர்மங்கள் தம் அயனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு இரண்டு புதிய சேர்மங்களாக அமையும் வேதிவினை ஆகும். பள்ளி மாணவர்கள் இதைப் பெரும்பாலும் சோதனைக்குழாயில் வெண்ணிற வீழ்படிவு தோன்றும் ஒரு செய்முறையாகவே அறிவார்கள். ஆனால் இவ்வகை வினைகளுள் ஒன்று ஆய்வகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மண்ணும் சாம்பலும் கலந்த அடுகலங்களில் நடந்துவந்தது. அவ்வினையில் கிடைத்த பொருள் வெடியுப்பு. வெடியுப்பைக் கொண்டு வெடிமருந்து செய்யும் ஆலை ஒன்று 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் இயங்கியது. அந்த வினையின் சமன்பாட்டை எழுதுவது எப்படி, அப்படி எழுதும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பழவேற்காடும் கெல்டிரியா கோட்டையும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னைக்கு வடக்கே அமைந்த கடலோர ஊர். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரப் பிரதேசத்துக்கும் இடையே பரந்துள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறு, காளங்கி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலின் நீர் உள்ளே புகுகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஅரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. கரையோரக் குப்பங்களின் வாழ்வு இறாலையும் நண்டையும் மீனையும் நம்பியது.

விசயநகரப் பேரரசின் காலத்தில் இவ்வூர் பெயர்பெற்ற துறைமுகமாக இருந்தது. போர்ச்சுக்கீசியர் முதலில் வந்தனர். 1610-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு வணிகம் செய்ய அனுமதி பெற்றது. 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன்பின் 1613-இல் டச்சுக்காரர் கட்டி முடித்த கோட்டைக்குக் கெல்டிரியா என்று பெயர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இங்கிருந்து துணிகள் கப்பலேறின. அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் கப்பலேற்றப்பட்டனர். கோட்டை இருந்த இடத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்புக்குக் கோட்டைக்குப்பம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

வெடிமருந்து ஆலை

டச்சுக்காரர் 1620-களில் பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை ஒன்றை நிறுவினர். பல பத்தாண்டுகளுக்குக் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த அவர்களுடைய தளங்களுக்கும், தாய்நாடு திரும்பும் கப்பல்களுக்கும் இங்கிருந்து வெடிமருந்து சென்றது. 1619-இல் பட்டாவியாவை (இன்றைய ஜகார்த்தா) தலைநகராக்கிக்கொண்ட கம்பெனிக்கு இந்த ஆலை பெரிய துணை. ஐரோப்பாவிலிருந்து வெடிமருந்து வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். வழியில் ஈரம் பட்டுக் கெட்டும் போகும்.

வெடிமருந்து மூன்று பொருள்களின் கலவை: வெடியுப்பு, கந்தகம், கரி. நல்ல கலவையில் எடைக்கு நூறில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு இருக்கும். எனவே வெடிமருந்தின் தரம் பெரும்பாலும் வெடியுப்பின் தரமே. தமிழில் பொட்டிலுப்பு என்றும் வழங்கும் இதன் வேதிப்பெயர் பொட்டாசியம் நைட்ரேட்.

மண்ணிலிருந்து வெடியுப்பு

கால்நடைகள் கட்டிய இடம், பழைய வீட்டுச் சுவரோரம், குப்பைமேடு ஆகியவற்றின் மண்ணில் வெயில் காலத்தில் வெண்மையாக உப்புப் பூக்கும். சாணத்திலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரசன் சேர்மங்களை மண்ணில் வாழும் பாக்டீரியங்கள் நைட்ரேட்டாக மாற்றுவதால் இது உண்டாகிறது. பீகாரில் நோனியா எனப்படும் மக்கள் இம்மண்ணைச் சுரண்டி எடுத்து, நீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் எல்லாம் இந்திய வெடியுப்பைப் போட்டிபோட்டு வாங்கின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மண்ணிலிருந்து வடிந்த நீரில் பொட்டாசியம் நைட்ரேட் மட்டும் இருப்பதில்லை. மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் நைட்ரேட்டின் பெரும் பங்கு கால்சியம் நைட்ரேட்டாகவே இருக்கும். கால்சியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும் இயல்புடையது. அது கலந்த வெடிமருந்து, பழவேற்காடு போன்ற கடற்கரைக் காற்றில் சில நாள்களிலேயே நமுத்துப்போகும். கப்பலின் அடித்தளத்தில் சொல்லவே வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் அவ்வாறு எளிதில் ஈரம் இழுப்பதில்லை.

இதற்குத் தீர்வு அடுப்பிலேயே இருந்தது. அது விறகுச் சாம்பல். சாம்பலை நீரில் ஊறவைத்தால் கிடைக்கும் காரநீரில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. இதை வடிநீருடன் சேர்த்தால் வெண்ணிறக் கசடு கீழே படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். சாம்பல் கொண்டு வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையைச் சிரியாவைச் சேர்ந்த அசன் அல்-ரம்மா என்பவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வெடியுப்புக் காய்ச்சியவர்களும் சாம்பலைப் பயன்படுத்தினர். அது ஏன் பயன்படுகிறது என்பதைச் சொல்லும் மொழி அப்போது எவரிடமும் இல்லை.

வினையைச் சமன்பாடாக எழுதுதல்

இன்றைய மாணவர் இந்த வினையைச் சில படிகளில் எழுதிவிடலாம்.

முதற்படி: வினைபடு பொருள்களை எழுதுதல். இங்கே அவை கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் கார்பனேட்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றையும் நேர் அயனி, எதிர் அயனி எனப் பிரித்தல். கால்சியமும் பொட்டாசியமும் நேர் அயனிகள். நைட்ரேட்டும் கார்பனேட்டும் எதிர் அயனிகள்.

மூன்றாம் படி: துணைகளை மாற்றுதல். கால்சியம் கார்பனேட்டுடனும், பொட்டாசியம் நைட்ரேட்டுடனும் சேரும். நேர் அயனி இன்னொரு நேர் அயனியுடன் சேராது. பண்டமாற்றில் இருவர் தத்தம் பொருளைக் கைமாற்றிக்கொள்வது போன்றது இது.

நான்காம் படி: புதிய சேர்மங்களின் வாய்பாட்டை இணைதிறன் கொண்டு அமைத்தல். கால்சியத்தின் இணைதிறன் 2, கார்பனேட்டுக்கும் 2. ஆகவே ஒன்றுக்கு ஒன்று. பொட்டாசியத்துக்கு 1, நைட்ரேட்டுக்கும் 1. இங்கும் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் தொடக்கத்தில் இருந்த கால்சியம் நைட்ரேட்டில் ஒரு கால்சியத்துக்கு இரண்டு நைட்ரேட்டுகளும், பொட்டாசியம் கார்பனேட்டில் ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு பொட்டாசியங்களும் உண்டு.

ஐந்தாம் படி: இருபுறமும் எண்ணிச் சமன் செய்தல். இடப்புறம் இரண்டு நைட்ரேட், இரண்டு பொட்டாசியம். வலப்புறம் பொட்டாசியம் நைட்ரேட் ஒன்று மட்டும் எழுதினால் ஒரு நைட்ரேட்டும் ஒரு பொட்டாசியமும் காணாமல் போகும். எனவே அதன் முன்னே 2 என்று எழுத வேண்டும்.

கால்சியம் நைட்ரேட் + பொட்டாசியம் கார்பனேட் → 2 பொட்டாசியம் நைட்ரேட் + கால்சியம் கார்பனேட்

தனித்தனி அணுக்களாக எண்ணினால் இருபுறமும் கால்சியம் 1, பொட்டாசியம் 2, நைட்ரசன் 2, கார்பன் 1, ஆக்சிசன் 9. எதிர் அயனி உடையாமல் முழுதாக இடம் மாறும் வினைகளில், நைட்ரேட், கார்பனேட் போன்றவற்றை ஒரே அலகாக எண்ணினால் வேலை எளிது.

மாணவர்கள் இந்த இடத்தில் செய்யும் பிழை ஒன்றே. கணக்கைச் சரிக்கட்டுவதற்காகச் சேர்மத்தின் வாய்பாட்டிலுள்ள கீழ்க்குறி எண்ணை மாற்றிவிடுவார்கள். வாய்பாட்டை மாற்றினால் பொருளே மாறிவிடும். முன்னால் எழுதும் எண் எத்தனை என்பதைக் குறிப்பது. கீழ்க்குறி எது என்பதைக் குறிப்பது. சமன் செய்யும்போது எத்தனை என்பதை மட்டுமே மாற்றலாம்.

நிறைக் கணக்கு

சமன்பாடு சரிதானா என்பதை நிறையாலும் சோதிக்கலாம். அணு நிறைகளைக் கூட்டினால் கால்சியம் நைட்ரேட் 164, பொட்டாசியம் கார்பனேட் 138, மொத்தம் 302. வலப்புறம் இரண்டு பொட்டாசியம் நைட்ரேட் 202, கால்சியம் கார்பனேட் 100, அதுவும் 302. அதாவது 164 கிராம் கால்சியம் நைட்ரேட்டை முழுதும் மாற்ற 138 கிராம் பொட்டாசியம் கார்பனேட் வேண்டும். அதற்குக் குறைந்தால் நமுக்கும் உப்பு மீதியாகும். கூடினால் சாம்பற்காரம் வெடியுப்போடு தங்கிவிடும்.

கசடாகப் படியும் கால்சியம் கார்பனேட் பழவேற்காட்டு மக்களுக்குப் புதிய பொருள் அல்ல. ஏரியில் கிடைக்கும் கிளிஞ்சலும் அதே சேர்மம்தான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவது இப்பகுதியின் பழைய தொழில்.

வடித்த நீரில் சாதாரண உப்பும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க வெப்பம் உதவுகிறது. 100 கிராம் நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 32 கிராமும், கொதிநிலையில் ஏறத்தாழ 246 கிராமும் கரையும். சாதாரண உப்போ இரு நிலையிலும் 36 முதல் 39 கிராம் வரையே கரையும். எனவே நீரைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் முதலில் சாதாரண உப்பு பிரியும். அதை அள்ளிவிட்டு ஆறவிட்டால் வெடியுப்பு ஊசி ஊசியாகப் படிகமாகும்.

சாம்பலில் உள்ள வேறுபாடு

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. பழவேற்காடு போன்ற உவர்நிலங்களில் வளரும் உமரிச் செடியைச் சுட்டால் கிடைக்கும் சாம்பலில் சோடியம் கார்பனேட் மிகுதி. அதைச் சேர்த்தால் நிகழ்வது இது:

கால்சியம் நைட்ரேட் + சோடியம் கார்பனேட் → 2 சோடியம் நைட்ரேட் + கால்சியம் கார்பனேட்

இந்தச் சமன்பாடும் முன்னதைப் போலவே சமமானது. வெண்கசடும் அதேபோல் படியும். ஆனால் சோடியம் நைட்ரேட்டும் ஈரம் இழுக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரு அடுகலங்களில் ஒன்று நல்ல மருந்தைத் தரும்; மற்றொன்று நமுத்த மருந்தைத் தரும். சமன்பாடு அணுக்களின் கணக்கைத்தான் சொல்கிறது. விளைபொருளின் குணத்தை அது சொல்வதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சமன்பாடு எழுதும் வழக்கத்தின் வரலாறு

கெல்டிரியா கோட்டை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1615-இல் வெளிவந்த தம் வேதியியல் நூலின் பதிப்பில் பிரான்சைச் சேர்ந்த ழான் பெகின் ஒரு வினையை வரைபடமாகக் காட்டினார். வேதிச் சமன்பாட்டின் முன்னோடி என இது போற்றப்படுகிறது. அவ்வினையும் ஓர் இரட்டை இடப்பெயர்ச்சியே. அதிலுள்ள பொருள்கள் சித்த மருத்துவத்தில் பழகியவை: மெர்குரிக் குளோரைடு என்பது வீரம், ஆன்டிமனி சல்பைடு என்பது அஞ்சனக்கல், விளையும் மெர்குரிக் சல்பைடு என்பது லிங்கம். இவற்றுள் வீரம் கொடிய நஞ்சு. இன்றைய முறையில் அவ்வினை வருமாறு:

3 மெர்குரிக் குளோரைடு + ஆன்டிமனி சல்பைடு → 2 ஆன்டிமனி குளோரைடு + 3 மெர்குரிக் சல்பைடு

இங்கே 3, 2, 3 என்ற எண்கள் வருவதற்குக் காரணம் இணைதிறன். மெர்குரிக்கு 2, ஆன்டிமனிக்கு 3. ஒரு மெர்குரிக் குளோரைடில் குளோரின் இரண்டு. ஒரு ஆன்டிமனி குளோரைடில் மூன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. எனவே இடப்புறம் மூன்றும் வலப்புறம் இரண்டும் இட்டால் குளோரின் ஆறுக்கு ஆறு ஆகிறது. ஆன்டிமனி சல்பைடில் ஆன்டிமனி இரண்டும் கந்தகம் மூன்றும் உள்ளன, அவையும் சரியாகின்றன.

பெகின் எது எதனுடன் சேர்கிறது என்பதைக் காட்டினார்; எத்தனை என்று காட்டவில்லை. அந்தக் கணக்குக்கு வழி திறந்தவர் லவாய்சியே. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் மொத்த நிறை மாறாது என்பதை 1789-இல் வெளியிட்ட நூலில் அவர் தெளிவாக எழுதினார். இவர் வெடியுப்போடும் நெருங்கிய தொடர்புடையவர். 1775-இல் பிரெஞ்சு அரசு வெடிமருந்து நிருவாகத்தின் ஆணையர்களுள் ஒருவராக இவரை அமர்த்தியது. பிரான்சுக்குத் தேவையான வெடியுப்பை உள்நாட்டிலேயே பெருக்கும் பொறுப்பு இவர்களுடையது. எடையிட்டுக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இவருக்கு ஆய்வகத்திலும் அலுவலிலும் ஒன்றாகவே இருந்தது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு இவரைத் தலைவெட்டிக் கொன்றது.

1808-இல் டால்டன் தம் அணுக்கொள்கையை நூலாக்கினார். 1813, 1814 ஆண்டுகளில் சுவீடனின் பெர்சீலியஸ் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடுகளை முன்வைத்தார். 1860-இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோவின் வாதத்துக்குப் பின் அணு நிறைகளில் இருந்த குழப்பம் நீங்கத் தொடங்கியது. இவை எல்லாம் சேர்ந்த பிறகே இன்றைய வடிவில் சமன்பாட்டை ஐயமின்றி எழுத முடிந்தது.

வினை எப்பக்கம் செல்லும்?

இரட்டை இடப்பெயர்ச்சி வினை முழுமையடைய ஒரு விளைபொருள் கரைசலைவிட்டு நீங்க வேண்டும்: வீழ்படிவாக, வாயுவாக அல்லது நீராக. நான்கு அயனிகளும் கரைந்தே இருந்தால் வினை நடந்ததாகச் சொல்ல இயலாது. வெடியுப்பு அடுகலத்தில் கால்சியம் கார்பனேட் கரையாமல் படிந்ததே வினையை முன்னே இழுத்தது.

ஆயினும் இது மாறாத விதி அல்ல. நெப்போலியனுடன் 1798-இல் எகிப்து சென்ற பெர்தொலே, அங்குள்ள உப்பு ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைக் கண்டார்.

கால்சியம் கார்பனேட் + 2 சோடியம் குளோரைடு → சோடியம் கார்பனேட் + கால்சியம் குளோரைடு

ஆய்வகத்தில் இது எதிர்த்திசையில்தான் நடக்கும். சுண்ணாம்புக்கல்லும் மிகுதியான உப்பும் நெடுங்காலம் சேர்ந்திருந்தால் திசை திரும்பலாம் என்று அவர் விளக்கினார். பொருள்களின் அளவும் வினையின் போக்கைத் தீர்மானிக்கும் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. பிற்காலத்தில் மீள்வினைகளைக் குறிக்க இருதிசை அம்புக்குறி வழக்கத்துக்கு வந்தது.

ஆலையின் காலத்துக்குப் பின்

1690-இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பிளாசிப் போருக்குப் பின் 1758-இல் ஆங்கிலக் கம்பெனி பீகார் வெடியுப்பின் தனியுரிமையைப் பெற்றது. மற்றக் கம்பெனிகள் ஆங்கிலேயரைச் சார்ந்து நிற்க நேர்ந்தது. நாகப்பட்டினம் 1781-இல் ஆங்கிலேயர் வசமானது. கெல்டிரியா கோட்டை 1806-இல் இடிக்கப்பட்டது. 1825-இல் பழவேற்காடு முற்றிலும் ஆங்கிலேயருக்குச் சென்றது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக நிற்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இன்னொரு இரட்டை இடப்பெயர்ச்சி வினை இந்திய வெடியுப்பின் சந்தையைப் பறித்தது. தென் அமெரிக்காவின் சோடியம் நைட்ரேட்டையும் செருமானியச் சுரங்கங்களின் பொட்டாசியம் குளோரைடையும் கலந்து வெடியுப்பு செய்தனர்:

சோடியம் நைட்ரேட் + பொட்டாசியம் குளோரைடு → பொட்டாசியம் நைட்ரேட் + சோடியம் குளோரைடு

இதில் எல்லா எண்களும் ஒன்றே. சூடான கரைசலில் சாதாரண உப்பு முதலில் பிரிந்துவிடுவதால் வினை முன்னேறுகிறது. மண் சுரண்டி வாழ்ந்த குடும்பங்களின் தொழில் இவ்வாறு நலிந்தது.

ஏரி நீரும் வெள்ளி நைட்ரேட்டும்

பழவேற்காட்டில் இவ்வகை வினைக்கு இன்றும் இடம் உண்டு. நீரின் உப்பளவை அறியும் பழைய ஆய்வக முறை வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டது:

வெள்ளி நைட்ரேட் + சோடியம் குளோரைடு → வெள்ளி குளோரைடு + சோடியம் நைட்ரேட்

நிறைகள்: 170, 58.5, 143.5, 85. இருபுறமும் 228.5. செருமானிய வேதியியலாளர் மோர் 1856-இல் இதற்குப் பொட்டாசியம் குரோமேட்டைக் காட்டியாகச் சேர்த்தார். குளோரைடு தீர்ந்ததும் அடுத்த வினை தொடங்கும்:

2 வெள்ளி நைட்ரேட் + பொட்டாசியம் குரோமேட் → வெள்ளி குரோமேட் + 2 பொட்டாசியம் நைட்ரேட்

செங்கல் நிறம் தோன்றியதும் நிறுத்த வேண்டும். செலவான வெள்ளி நைட்ரேட்டின் அளவிலிருந்து குளோரைடையும், அதிலிருந்து உப்பளவையும் கணக்கிடலாம். சமன்பாடு தவறாக இருந்தால் விடையும் தவறாகும். இரண்டாம் வினையில் துணைப்பொருளாக விளைவது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது அதே வெடியுப்பு.

இந்த அளவு ஏரிக்கு முக்கியமானது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டால், நீர் ஆவியாகிக் கடல்நீரை விஞ்சும் அளவுக்கு உப்பு ஏறும். கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரும் வழியும் அடைபடும். முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது இதனால்தான். வலையில் விழுவதைப் பார்த்தே நீரின் மாற்றத்தை அவர்கள் அறிந்துகொள்வார்கள். சமன்பாடு அந்த மாற்றத்தைக் கிராம் கணக்கில், எவரும் சரிபார்க்கும்படி எழுதிவைக்க உதவுகிறது.